அணைக்கோட்டுக்கு மேலே மிஞ்சும் நிலம்: கணக்கு யார் பார்ப்பது?

நீர்போகம்:
ஒரு கேள்வி. ஓடையோரம் 1 ஏக்கர் 20 சென்ட் நிலம் என்று வைத்துக்கொள்வோம். கீழே கேரட், மேலே டீ. அணை வந்தால் தண்ணீர் நிற்கும் கோடு நிலத்தின் குறுக்கே போகிறது. கோட்டுக்குக் கீழே இருக்கும் 30 சென்ட்டை எடுத்துக்கொள்வார்கள், மீதி 90 சென்ட் பட்டாதாரர் கையிலேயே இருக்கும். "போவது 30 சென்ட், அதற்குப் பணம் வந்துவிடும், அப்புறம் என்ன?" என்பது ஒரு கட்சி. மீதி 90 சென்ட்டுக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. நீலகிரியில் சில்லஹள்ளா அணை மின்திட்டப் பேச்சு வந்ததிலிருந்து குந்தா பக்கம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அரசியலுக்கு வேறு இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போய்க்கொள்ளலாம்.

சங்கிலிக்கயிறு:
கோடு ஒன்றல்ல, மூன்று. முழு நீர்மட்டம் முதலாவது. வெள்ளம் வரும்போது அதற்கும் மேலே தண்ணீர் ஏறி நிற்கக்கூடிய அதிகபட்ச நீர்மட்டம் இரண்டாவது. நில எடுப்புக் கோடு மூன்றாவது. இந்த மூன்றாவது கோடு மற்ற இரண்டில் எதை ஒட்டிப் போகிறது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். கல் நடும்போதே "இது எந்தக் கோட்டுக்கான கல்?" என்று கேளுங்கள். கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் எத்தனை மீட்டர் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கல்லை மாடு முட்டிச் சாய்க்கலாம், ராத்திரியோடு ராத்திரியாக யாராவது நகர்த்தலாம். எண் கையில் இருந்தால் கல்லை மறுபடி அதே இடத்தில் நட்டுவிடலாம்.

ஏன் இவ்வளவு முக்கியம் என்றால்: 3 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் சரிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அது சாதாரணம். முழு நீர்மட்டத்துக்கும் அதிகபட்ச நீர்மட்டத்துக்கும் 2 மீட்டர் வித்தியாசம் என்றால், தண்ணீர் விளிம்பு 6 மீட்டர் மேலே வரும். நிலத்தின் அகலம் 40 மீட்டர் என்றால் 240 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 6 சென்ட். இந்த 6 சென்ட் பட்டாவில் உங்களுடையதுதான். ஆனால் சில மழை ஆண்டுகளில் தண்ணீருக்குள் இருக்கும்.

இன்னொன்று. "அளந்தபோது 5 சென்ட் குறைந்துவிட்டது" என்று மலை நிலத்தில் அடிக்கடி சண்டை வரும். பெரும்பாலும் யாரும் திருடியிருக்க மாட்டார்கள். நாடாவைச் சரிவோடு படுக்க வைத்து அளந்தால் 100 மீட்டர் வரும் இடம், புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) 95 மீட்டர்தான் வரும். புலப்படம் எப்போதும் கிடைமட்ட அளவு. இழப்பீடும் அந்த அளவுக்குத்தான். மரத்தையும் டீச்செடியையும் மட்டும் சரிவில் நின்றபடியே தலை எண்ணுவார்கள், அதில் குறைவு வராது.

அடங்கல்:
சங்கிலிக்கயிறு அண்ணா சொன்னது சரி. நான் காகிதப் பக்கம் எழுதுகிறேன்.

நோட்டீஸ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்பது. 2013 நில எடுப்புச் சட்டமா, இல்லை தமிழ்நாட்டுத் தனிச் சட்டங்களில் ஒன்றா. தனிச் சட்டம் என்றால் 2013 சட்டத்தின் பல படிகள் இருக்காது. 2013 சட்டம் என்றால் பிரிவு 11 முதல்நிலை அறிவிப்பு, அதிலிருந்து 60 நாளுக்குள் பிரிவு 15 ஆட்சேபணை, பிறகு பிரிவு 19 விளம்புகை (எடுப்பது உறுதி என்ற அறிவிப்பு), அதிலிருந்து 12 மாதத்துக்குள் அவார்டு (தொகையை முடிவு செய்யும் ஆணை). இந்த 60 நாளைப் பலர் "கையெழுத்து வாங்க வருவார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பேசினால் தொகையைப் பற்றி மட்டும்தான் பேச முடியும், நிலத்தைப் பற்றி முடியாது.

தொகைக் கணக்கு. எடுத்துக்காட்டுக்காக மட்டும்: சந்தை மதிப்பு சென்டுக்கு 40,000 ரூபாய், 30 சென்டுக்கு 12 லட்சம். ஊர்ப்புற நிலம் என்றால் அந்த மதிப்பை ஒரு காரணியால் பெருக்குவார்கள், அது 1 முதல் 2 வரை. இங்கே 1.25 என்று வைத்தால் 15 லட்சம். மரம், பைப் லைன், மோட்டார் கொட்டகை 2 லட்சம் என்றால் மொத்தம் 17 லட்சம். இதன்மேல் ஆறுதல் தொகை 100 சதவீதம், ஆக 34 லட்சம். அது போக 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது 1,44,000 ரூபாய், சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பு நாளிலிருந்து அவார்டு நாள் அல்லது நிலத்தைக் கையகப்படுத்திய நாள், எது முந்தியோ அதுவரை.

சந்தை மதிப்பை நிர்ணயிக்கும்போது வழிகாட்டி மதிப்பை மட்டும் பார்த்து முடிக்கக் கூடாது. முந்தைய 3 ஆண்டில் பக்கத்தில் பதிவான கிரயங்களை எடுத்து, அதில் விலை கூடிய பாதியின் சராசரியையும் போட்டு, எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும். நம் ஊர்களில் சிக்கல் எங்கே என்றால், முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து எல்லாரும் குறைத்தே பதிகிறோம். 3 ஆண்டு முன்பு மிச்சம் பிடித்த காசு இங்கே பல மடங்காகத் திரும்பிப் போகும்.

இனி உங்கள் 90 சென்ட். பிரிவு 28ஐப் பாருங்கள். நிலத்தைத் துண்டாக்குவதால் மீதி நிலத்துக்கு வரும் சேதம், வேறு விதத்தில் மற்றச் சொத்துக்கோ வருமானத்துக்கோ வரும் சேதம், இரண்டையும் கலெக்டர் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் கேட்டால்தான் எடுப்பார்கள். உங்கள் கோரிக்கை என்ன என்று கேட்டு வரும் பிரிவு 21 நோட்டீசுக்குப் பதில் எழுதும்போதே தனிப் பத்தியாக எழுத வேண்டும்: மீதி நிலத்துக்கு வழி போகிறதா, ஓடைத் தண்ணீர் எடுக்கும் இடம் போகிறதா, டீ இலை எடை போடும் ஷெட்டுக்கு இறங்கும் பாதை போகிறதா. ஒவ்வொன்றுக்கும் ரூபாய்க் கணக்கோடு. "மிகுந்த பாதிப்பு ஏற்படும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது ஃபைலில் தூங்கும்.

குத்தகைக்காரர், 3 ஆண்டாக அங்கே கூலிவேலை செய்து பிழைப்பவர் இவர்களும் சட்டப்படி "பாதிக்கப்பட்ட குடும்பம்". அடங்கலில் (வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவேட்டில்) பயிர் யார் பெயரில் ஏறியிருக்கிறது என்பதை இப்போதே பாருங்கள். அது பசலி (வருவாய் ஆண்டு) கணக்கில் இருக்கும், 1435ஆம் பசலி ஜூலை 2025இல் தொடங்கி ஜூன் 2026இல் முடியும். வி.ஏ.ஓ. ஒரே பயிரை ஆண்டு முழுக்க எழுதி வைத்திருந்தால் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்ற மூன்று பயிர்ப் பருவமும் ஒன்றாகத்தான் கணக்காகும்.

மதகடி:
காகிதத்தில் வராத விஷயம் வண்டல். எல்லாரும் அணைச்சுவருக்கு அடியில் சேறு சேர்வதையே நினைக்கிறார்கள். மலை அணைகளில் முதல் தொல்லை மறுமுனையில், ஓடை நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் வாயில்.

ஓடும் தண்ணீர் நிற்கும் தண்ணீரைத் தொட்டதும் வேகம் செத்துவிடும். கையில் இருக்கும் சரக்கில் கனமானதை முதலில் போடும்: கூழாங்கல், சரளை, மணல். பொடி மண் மட்டும் உள்ளே மிதந்து போய் சுவர்ப்பக்கம் படியும். வாயில் போட்ட சரளை விசிறி மாதிரி விரிந்து வருடாவருடம் உயரும். ஓடைப் படுகை உயர்ந்தால் அதன்மேல் ஓடும் வெள்ளமும் அதே அளவு உயரத்தில்தான் ஓடும். படுகை தணிந்த சரிவுள்ள இடத்தில், 100 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்கும் இடம் என்று வையுங்கள், வாயில் 2 மீட்டர் சரளை குவிந்தால் அதன் பாதிப்பு 100 மீட்டர் மேலே வரை போகும். அந்த 100 மீட்டர் எடுப்புக் கோட்டுக்கு வெளியே இருக்கும்.

அப்புறம் நடப்பது இதுதான். கேரட் பாத்தியில் தண்ணீர் ஏறும். விவசாயி அணை ஆபீசுக்குப் போவார். அங்கே பதிவேட்டைத் திறந்து, "அன்றைக்கு மட்டம் முழு அளவுக்கு 3 அடி கீழே, எங்கள் தண்ணீர் உங்கள் நிலத்துக்கு வர வழியே இல்லை" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, இவர் சொல்வதும் பொய்யில்லை. அளவுகோல் அணைச்சுவரில் இருக்கிறது. பிரச்சினை இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடை வாயில் இருக்கிறது.

இதை நிரூபிக்க அணை வருவதற்கு முந்தைய அளவு தேவை. செலவு ஒன்றும் பெரிதில்லை. நகராத பாறை ஒன்றில் உளியால் ஒரு கோடு. அதிலிருந்து ஓடைப் படுகை எவ்வளவு கீழே என்பதை ட்யூப் லெவல் வைத்து மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உள்ளே தண்ணீர் தெரியும் 12 மீட்டர் பிளாஸ்டிக் குழாய் போதும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அளவு தப்பிவிடும், குழாயை வாளியில் முழுக்கி நிரப்புங்கள். வருடம் ஒரு முறை, மே மாதக் கடைசியில், பருவமழைக்கு முன். அளவுகோலைப் பிடித்தபடி தேதி விழும் போட்டோ. ஐந்து வருடம் எழுதி வைத்தால் அது சாட்சி.

சரிவுப்பாத்தி:
வண்டல் கதையைக் கேட்டால் விவசாயி பாவம், அணை பாவி என்று ஆகிறது. அந்த மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். நம் பாத்திகளிலிருந்துதான்.

கேரட், உருளை, பீட்ரூட் எல்லாவற்றுக்கும் பாத்தியைச் சரிவு வாக்கில் மேலிருந்து கீழாக எடுக்கிறோம். ஏன் என்றால் குறுக்கே எடுத்தால் தண்ணீர் தேங்கி கிழங்கு அழுகும், உருளையில் கருகல் வரும். விவசாயி முட்டாள் இல்லை, தென்மேற்குப் பருவம் அப்படி. ஆனால் அதே பள்ளம் மழையில் வாய்க்காலாகிவிடும். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் 10 கன மீட்டர், அதாவது மூன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஒரு மில்லிமீட்டரை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. மழைக்குப் பின் பாத்தியில் மண் வெளுத்து, சிறு கல் மேலே துருத்தி நின்றால் போயிற்று என்று அர்த்தம்.

வழி இல்லாமல் இல்லை. உள்பக்கம் சற்றே சாய்ந்த படிக்கட்டுத் தளம், தண்ணீர் ஓரத்து வடிகாலுக்குப் போய், வடிகால் கல் பாவி இறங்க வேண்டும். இதைச் செய்ய 15 முதல் 20 சதவீத நிலம் ஓரத்திலும் வடிகாலிலும் போய்விடும். ஒரு ஏக்கர் குத்தகைக்காரர் அதை ஏன் விடுவார்? அடுத்த வருடம் நிலம் வேறு ஆளிடம் போகும்.

மதகடி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அணை எடுப்பது எப்போதும் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் தட்டை நிலத்தை. அதாவது மண் போகாத நிலத்தை. அதில் பயிர் வைத்தவர் இழப்பீட்டுப் பணத்தோடு எங்கே போவார்? மேலே, இன்னும் செங்குத்தான சரிவுக்கு. அணைக்காகப் போட்ட ரோடு அந்தச் சரிவு வரை லாரியைக் கொண்டுவந்துவிட்டது, காய் மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஒரே நாளில் போகும். அணை தன் தலைக்கு மேலேயே மண் இறங்கும் தோட்டத்தை வளர்த்துக்கொள்கிறது. இதை எந்த வரைபடத்திலும் யாரும் திட்டமிடவில்லை.

எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு. 10 லட்சம் கன அடி வண்டல் என்பது 10,000 யூனிட். 3 யூனிட் டிப்பரில் 3,334 லோடு. ஈர வண்டல் கன அடிக்கு 45 கிலோவுக்குக் குறையாது, ஒரு லோடு 14 டன் வரும். ஒரு நாளைக்கு 40 லோடு என்றால் 83 நாள். மஞ்சூர் கெத்தை ரோட்டில் 43 கொண்டை ஊசி வளைவு. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு யாரும் "தூர்வாரினால் போகிறது" என்று லேசாகச் சொல்ல மாட்டார்கள். இதுவும் மில்லியன் கன அடியில் ஒன்றே ஒன்று. தூர்வாரி எடுத்ததை எங்கே கொட்டுவது என்பது அடுத்த கேள்வி. கரையிலேயே கொட்டினால் அடுத்த மழையில் திரும்பி உள்ளே வரும்.

மற்ற வழி, மழைக்காலத்தில் அடி மதகைத் திறந்து அடித்துவிடுவது. சுவருக்கு அருகே இருக்கும் கொஞ்சம் சேறு போகும், அவ்வளவுதான். வாயில் இருக்கும் சரளை அசையாது. கீழே போகும் சேறு பல வருடம் காற்றுப் படாமல் கிடந்தது, கறுப்பாக நாறும், தண்ணீரின் உயிர்வளியை உறிஞ்சிவிடும், மீன் செத்து மிதக்கும். கரையோர மோட்டார்களின் ஃபுட் வால்வு அடைத்துக்கொள்ளும். கீழே இருக்கும் பில்லூர் கோவைக்குக் குடிநீர் தரும் அணை என்பதை மறக்க வேண்டாம், கலங்கல் ஏறினால் சுத்திகரிப்பில் படிகாரம் கூடும்.

தாண்டிக்குடி:
பழனி மலைப் பக்கத்திலிருந்து ஒரு குறுக்கீடு. ஷட்டர், மதகு என்று பேசும்போது கொடகனாற்றை நினைவில் வையுங்கள். வேடசந்தூர் பக்கம் மண் அணை, 1977 வெள்ளத்தில் தண்ணீர் மேலே வழிந்து பல இடத்தில் உடைந்தது. ஷட்டரை நேரத்துக்குத் தூக்கத் தொடங்கினார்கள், பாதியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டினார்கள், கையால் சுற்றிப் பார்த்தார்கள், முடியவில்லை. கான்கிரீட் அணை மேலே வழிந்தால் தாங்கலாம். மண் அணையின் பின்சரிவில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் அதுவே தோண்டிக்கொண்டு உள்ளே வரும். அணைக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்கள் இழப்பீட்டுப் பட்டியலில் எப்போதும் இல்லை. ஷட்டர் ஓட்டிப் பார்த்த தேதியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், கேட்பவர்கள் குறைவு.

பச்சைப்புல்:
மண்ணைப் பற்றி எழுதிவிட்டீர்கள், தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லை. நீலகிரி மேல்தளத்து நீர்ப்பிடிப்பு புல்வெளியும் சோலையும் சதுப்பும். பள்ளத்தாக்கு அடியில் இருந்த சதுப்புதான் பஞ்சு மாதிரி மழையைப் பிடித்து மார்ச் வரை கசியவிட்டது. நீர்த்தேக்கம் முதலில் மூழ்கடித்தது அதைத்தான்.

அதே காலத்தில் மேலே புல்வெளியில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அரசே நட்டது. உதகை மண்-நீர் ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கன் பக்கம் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றதில் பாதிக்கும் சற்று மேலான பரப்பில் கற்பூரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஓடி வரும் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து தளிர்த்த இரண்டாவது சுழற்சியில் 25 சதவீதம். கோடையில் ஓடும் தண்ணீர்தான் அதிகம் அடிபட்டது. மின்வாரியம் அணை கட்டியது தண்ணீருக்காக. அதன் நீர்ப்பிடிப்பில் இன்னொரு துறை தண்ணீர் குடிக்கும் மரத்தை நட்டது. இரண்டும் அரசுதான், இரண்டு ஃபைல்.

தனியார் நிலத்துக்கு இதில் என்ன என்று கேட்டால்: சீகை விதை ரோட்டோரமாகவும் ஓடையோரமாகவும் இறங்கும். பட்டா நிலத்தில் முளைத்துவிட்டால், அதை வெட்டப் போனாலும் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955 இருக்கிறது. அனுமதி இல்லாமல் கோடாலியைத் தூக்காதீர்கள். முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே வேரோடு பிடுங்குவதுதான் மலிவு.

சிகூர் சரிவு:
எங்கள் பக்கம் தண்ணீர் நிற்பதில்லை, ஓடுகிறது. சிங்காரா மின்நிலையம் 1932 முதல் ஓடுகிறது, பின்னால் மாயார் வந்தது, 2005இல் பைக்காரா இறுதி நிலை 150 மெகாவாட் நிலத்தடியில் வந்தது. நிலத்தடி நிலையம், மரம் போகவில்லை, மேலே எதுவும் தெரியாது என்று நல்ல பெயர். ஆனால் மரவகண்டியிலிருந்து மாயார் நோக்கி ஓடும் கால்வாயும், மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களும் யானை குறுக்கே போகும் தரையில்தான் கிடக்கின்றன.

கால்வாய்க் கரை சிமென்ட் பூசி பாசி பிடித்திருக்கும். தவறி இறங்கிய விலங்குக்கு ஏற வழி இருக்காது. ஏறுதளம் வைப்பதென்றால் 4க்கு 1 சரிவுக்கு மேல் போகக் கூடாது, வழவழப்பாகப் பூசாமல் கல் பதிக்க வேண்டும், தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும் பக்கமாகப் பார்த்து இருக்க வேண்டும். எதிர்நீச்சல் போட்டுத் தேடி வர அதற்குத் தெம்பு இருக்காது. மேலே போட்ட குறுகலான ஸ்லாப் பாலத்தில் யானை கால் வைத்துப் பார்த்துவிட்டு, சத்தம் எழும்பினால் திரும்பிவிடும். அகலமாகப் போட்டு, மேலே மண் கொட்டி, புல் முளைக்க விட்டால்தான் நம்பி வரும்.

திரும்பிய யானை எங்கே போகும்? கால்வாய் இல்லாத இடைவெளிக்கு. அங்கே பட்டா நிலமும் ரிசார்ட்டும். 2010 யானை வழித்தட அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தபோது அடி வாங்கியது அந்த நிலங்கள். ரிசார்ட்காரர்களுக்காக நான் அழவில்லை, மின்வேலி போட்டு வழியை அடைத்தவர்கள் உண்டு. ஆனால் நெருக்கியதில் கால்வாய்க்கும் பங்கு இருக்கிறது. அதற்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

நீர்போகம்:
நிறைய வந்துவிட்டது, நன்றி. கீழ்த் தேக்கத்துத் தண்ணீரை மேல் தேக்கத்துக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்றுத் திட்டம் என்றால் இதில் எது மாறும்? "ஏற்கெனவே இருக்கும் அணை, புதிதாக நிலம் வேண்டாம்" என்று குந்தா 500 மெகாவாட்டுக்குச் சொன்னார்களே.

சங்கிலிக்கயிறு:
குந்தா திட்டத்தில் போர்த்திமந்து மேல் தேக்கம், அவலாஞ்சி எமரால்டு கீழ்த் தேக்கம், இரண்டும் பழைய அணைகள். உண்மைதான். சில்லஹள்ளா 1000 மெகாவாட்டில் அணைகளே புதியவை. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

அணை கட்டாவிட்டாலும் சுரங்கம் தோண்ட வேண்டும். 8 மீட்டர் விட்டத்தில் 1 கிலோமீட்டர் சுரங்கம் என்றால் 50,000 கன மீட்டர் பாறை. வெடித்து வெளியே வந்தால் உப்பி ஒன்றரை மடங்கு, 75,000 கன மீட்டர். டிப்பர் கணக்கில் 8,800 லோடு. 3 மீட்டர் உயரத்துக்குக் கொட்டினால் 6 ஏக்கர் தட்டை இடம் தேவை. நீலகிரியில் 6 ஏக்கர் தட்டை இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். அதனால் ஓடையோரம் கொட்டுவார்கள். கம்பி வலைக் கல்கூடு தடுப்பு அடியில் இருக்கிறதா, கொட்டுவதற்கு முன்பே கட்டினார்களா அல்லது கொட்டிவிட்டுக் கட்டினார்களா என்று பாருங்கள். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர், மறுநாள் 91 சென்டிமீட்டர் பெய்தது. 91 என்றால் ஒரு சதுர கிலோமீட்டரில் மட்டும் 9,10,000 கன மீட்டர் தண்ணீர். பின்னால் கட்டிய தடுப்பு அதற்கு நிற்காது.

மதகடி:
கரைச் சரிவையும் சேர்க்க வேண்டும். சாதாரண அணையில் மட்டம் வாரக்கணக்கில் மெதுவாக இறங்கும், கரை மண்ணில் ஊறிய தண்ணீரும் கூடவே வடிந்துவிடும். நீரேற்றுத் திட்டத்தில் பகலில் ஏற்றி, மாலை உச்ச நேரத்தில் இறக்குவார்கள். மட்டம் மணிக்கணக்கில் இறங்கும். கரைக்குள் தண்ணீர் நிற்கும், வெளியே முட்டுக்கொடுத்த தண்ணீர் போய்விட்டிருக்கும். நம் சிவப்பு மண்ணும் அதற்கடியில் மக்கிய பாறையும் சேரும் இடத்தில் வழுக்கும்.

முதலில் தெரிவது வெடிப்பு. தண்ணீர் விளிம்புக்கு இணையாக, பிறை மாதிரி, விளிம்பிலிருந்து பல மீட்டர் மேலே டீச்செடிகளுக்கு நடுவில் போகும். குறுக்கே இருபுறமும் இரண்டு இரும்பு முளை அடித்து இடைவெளியை வாரம் ஒரு முறை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து மேலே தார்ப்பாய் போட்டு மழைநீர் இறங்காமல் செய்யுங்கள். சிமென்ட் ஊற்ற வேண்டாம். அது நகர்வை நிறுத்தாது, வெடிப்பு விரிவதை மட்டும் மறைக்கும். அந்த இடத்துக்கு மேலே பண்ணைக்குட்டை இருந்தால் காலி செய்துவிடுங்கள்.

அடங்கல்:
இதற்கெல்லாம் எங்கே கேட்பது என்பதற்கு: அவார்டுத் தொகை போதாது என்றால் பிரிவு 64 மனு. அவார்டின்போது நேரில் இருந்தவருக்கு 6 வாரம்தான். கோட்டுக்கு வெளியே பின்னால் வரும் சுற்றுச்சூழல் சேதத்துக்குச் சென்னையில் இருக்கும் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம். இழப்பீட்டுக் கோரிக்கைக்கு 5 ஆண்டு, மற்றவற்றுக்குப் பொதுவாக 6 மாதம். திட்டம் தொடங்குவதற்கு முன் பொது விசாரணை நடக்கும், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. சுருக்க அறிக்கை தமிழில் கிடைக்க வேண்டும். அதில் கொட்டும் இடங்களின் புல எண் இருக்கிறதா, சுரங்கத்தால் அடிபடக்கூடிய ஊற்றுகளின் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊற்று இல்லை என்று எழுதியிருந்தால் மேடையில் கத்தாதீர்கள். எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மின்திட்ட அணை என்றால் பிரிவு 38இல் ஒரு வரி உண்டு. நிலம் மூழ்குவதற்கு 6 மாதம் முன்பே மறுகுடியமர்வு முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது அட்டவணையில் நீர்த்தேக்கத்தில் மீன்பிடி உரிமை தரலாம் என்றும் இருக்கிறது. கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் சிரிப்பு வரும். பாசனத் திட்டத்தில் நிலத்துக்குப் பதில் நிலம் ஆயக்கட்டில் கொடுக்கலாம். மின்சாரத்துக்கு ஆயக்கட்டு ஏது?

நீர்போகம்:
ஊற்றை எப்படி அளப்பது? எங்கள் ஹட்டிக்கு (ஊருக்கு) மேலே மூன்று இருக்கிறது. ஒன்று குழாய் வழியாக வருகிறது, மற்ற இரண்டும் பாறைக் கசிவு.

சங்கிலிக்கயிறு:
குழாய்க்கு 20 லிட்டர் வாளி, செல்போனில் நிறுத்துகடிகாரம். 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு அரை லிட்டர், நாளுக்கு 43,200 லிட்டர். மூன்று முறை பிடித்துச் சராசரி போடுங்கள். கசிவுக்குக் களிமண் அணை கட்டி அரை மூங்கிலையோ பிவிசி குழாயையோ செருகி ஒரே வாயில் வரவையுங்கள், அரை மணி நேரம் விட்டு, தெளிந்த பிறகு பிடியுங்கள். மாதம் ஒரு முறை, அதே தேதி, காலையிலேயே. முந்தைய மூன்று நாளில் மழை பெய்ததா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. மார்ச், ஏப்ரல் அளவுதான் முக்கியம், அந்த இரண்டு மாதத்தைத் தவறவிடாதீர்கள். நோட்டில் எழுதும்போது பென்சில் வேண்டாம், பேனா. அளக்கும் நாளில் பஞ்சாயத்து உறுப்பினரையோ பக்கத்து நிலத்துக்காரரையோ கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஏதாவது ஒரு கசிவுக்கு யானை வந்து போகும் என்றால் அதை மதியத்தில் அளந்துகொள்ளலாம்.